சுத்தபோசனம் சூசைமாணிக்கம்

அடுப்படித் திவான் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேட்டி கட்டியிருக்கும், மூக்குக்கண்ணாடி போட்டிருக்கும், கக்கத்தில் மடித்த பை ஒன்று எந்நேரமும் இருக்கும். அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது. உப்பு எந்தப் பானையில் இருக்கிறதென்று கேட்டால் திருதிருவென்று விழிக்கும். ஆனால் இன்று ராத்திரி வீட்டில் என்ன வேகவேண்டும், எத்தனை பேருக்கு வேகவேண்டும், அதில் நாளைக் காலைக்கு எவ்வளவு மிஞ்சவேண்டும், மிஞ்சியதை எந்தப் பெயர் மாற்றி மறுபடி இலையில் போடவேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுதான். சமைக்கிறவள் வெறும் சிப்பந்தி.

இந்த இனத்தில் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். திண்டுக்கல் நாகல் நகரில் இருந்தவர் சூசைமாணிக்கம். புகையிலைக் கிட்டங்கி ஒன்றில் கணக்கு எழுதினார். நயா பைசா வந்த புதிதில் அணாவுக்கு ஆறா, ஆறேகாலா என்று கடைக்குக் கடை சண்டை நடந்து ஊரே குழம்பிக் கிடந்தபோது குழம்பாமல் இருந்த ஒரே மனிதர் அவர். நாலணாவுக்குப் புளி வாங்கினால் இருபத்தைந்து நயா பைசா. ஓரணா ஓரணாவாக நாலு தடவை வாங்கினால் இருபத்துநாலு. ஆகவே அவர் நாலு தடவை போனார். செருப்புத் தேயுமே என்கிறீர்களா? செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்.

காய்கறிக்கு அவர் சந்தை கலையும் நேரமாகப் பார்த்துத்தான் போவார். காலையில் காய் பேசும், சாயங்காலம் காய்க்காரன் பேசுவான், சந்தை கலைகிறபோது நாம் பேசலாம் என்பது அவர் சித்தாந்தம். அப்படிப் பேசி வாங்கிவந்த முற்றின வெண்டைக்காயை இன்னாசியம்மாள் அரிவாள்மனையில் வைத்து அறுக்கிறபோது அடுத்த வீட்டில் விறகு பிளக்கிறார்கள் என்று தெருவில் போகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இன்னாசியம்மாள் அவருக்கு வாழ்க்கைப்பட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த அரிவாள்மனைதான் பாவம்.

வெறும் சிக்கனக்காரராக இருந்திருந்தால் சூசைமாணிக்கத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? அவர் சிக்கனத்துக்கு மோட்ச வழி கண்டுபிடித்தவர். கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை கறி சாப்பிடமாட்டார்கள், அதற்குச் சுத்தபோசனம் என்று பெயர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். திருச்சபை கேட்டது அந்த ஒரு நாளைத்தான். சூசைமாணிக்கம் பார்த்தார். வாரத்தின் ஒவ்வொரு கிழமையையும் ஏதாவது ஒரு பக்திக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்களே, அவற்றை ஏன் சும்மா விடவேண்டும்?

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும், குடும்பம் முழங்காலிலிருந்து எழுந்திருப்பதற்குள், கோயிலில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிக்கிற அதே குரலில் அடுத்த வாரத்து ராச்சாப்பாட்டை அறிவிப்பார். திங்கட்கிழமை, உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காகச் சுத்தபோசனம், கொள்ளு ரசம். செவ்வாய்க்கிழமை, அந்தோணியாருக்காகச் சுத்தபோசனம், சுரைக்காய்க் கூட்டு. புதன்கிழமை, சூசையப்பருக்காகச் சுத்தபோசனம், மறுபடி சுரைக்காய், ஏனென்றால் அந்தோணியாருக்கு வாங்கிய சுரைக்காய் பெரியது. வியாழக்கிழமை, தேவநற்கருணைக்காகக் கீரை. வெள்ளி, ஆண்டவர் பாடுபட்ட நாள், பேச்சே இல்லை. சனிக்கிழமை மாதாவுக்கு.

"மீனுக்கு விலக்கு இருக்குதாமே, உபதேசியார் சொன்னாரு," என்று இன்னாசியம்மாள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"மீனும் ஒரு உசுருதானே," என்றார் சூசைமாணிக்கம். அவருக்கு உயிர்கள் மீது கருணை உண்டு. சந்தையில் விலை இறங்கிய அன்று அந்தக் கருணையும் சற்று இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் சங்கடம். அன்று சுத்தபோசனம் இருக்கக்கூடாதென்று திருச்சபையே சொல்லிவிட்டது. அதற்கென்ன, உறவுக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள்? பூசை முடிந்த கையோடு குடும்பத்தை அழைத்துக்கொண்டு யார் வீட்டுக்காவது நலம் விசாரிக்கக் கிளம்பிவிடுவார். நேர்ச்சையெல்லாம் தன் வீட்டு இலைக்குத்தான், பிறத்தியார் வீட்டு இலைக்கு இல்லை. ஒரு புதன்கிழமைக் கல்யாணத்தில் அவர் இரண்டாவது தடவையாகக் கறி வாங்குவதைப் பார்த்து இன்னாசியம்மாள் கண்ணால் சூசையப்பரை ஞாபகப்படுத்தியபோது, "கூப்பிட்டவுக மனசு நோகக்கூடாதுல்ல," என்று சொல்லி எலும்பை உறிஞ்சினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊர் அவரைப் பெரிய பக்திமான் என்று நம்பிவிட்டது. வாரம் ஆறு நாள் கறி தொடாத குடும்பம் என்றால் சும்மாவா? பெண்கள் தங்கள் புருஷன்மாருக்கு அவரை உதாரணம் காட்டினார்கள். 'சுத்தபோசனம் சூசைமாணிக்கம்' என்று பட்டப்பெயரே விழுந்தது. கூப்பிட்டால் தலையைச் சற்றுத் தாழ்த்தி ஏற்றுக்கொள்வார். மிச்சமான பணம் மாதாமாதம் தபாலாபீஸில் ஏறிக்கொண்டிருந்தது. எதற்கு என்று அவருக்கே தெரியாது. சேருவதற்காகச் சேர்ந்தது.

இன்னாசியம்மாள் இதற்கெல்லாம் பழகிப்போயிருந்தாள். தன் வயிற்றுக்கு ஒரு பெண் எப்படியாவது சமாதானம் சொல்லிக்கொள்வாள். பெற்ற பிள்ளையின் வயிற்றுக்கு என்ன சொல்வாள்? வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்த மகள் ரோஸ்மேரி தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் நர்சம்மா அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லையே. ஈரல், கறி, முட்டைன்னு நல்லாக் குடுங்க. இப்படியே விட்டா பிரசவத்துக்குத் தாங்காது," என்று சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இன்னாசியம்மாள் புருஷனிடம் சொன்னாள்.

சூசைமாணிக்கம் யோசித்தார். யோசிக்கவில்லை என்று அவரைக் குறை சொல்லக்கூடாது.

"முருங்கைக்கீரையிலயும் ரத்தம் ஊறும்," என்றார்.

"ரெண்டு உசுரு இருக்குற வயிறுங்க."

"வயிறு ரெண்டானாலும் வாய் ஒண்ணுதானே?"

அந்த வாரமும் ஓலை வாசிக்கப்பட்டது. திங்கள், உத்தரிக்கிற ஆத்துமாக்கள். ரோஸ்மேரி அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுப் பழகாத வீட்டில் வளர்ந்த பெண். கொள்ளு ரசத்தை ஊற்றிப் பிசைந்துவிட்டு, சோற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். இன்னாசியம்மாளால் அதைக் காணச் சகிக்காமல் அடுப்புக்குப் பின்னால் ஏதோ தேடுகிறவள் போலத் திரும்பிக்கொள்வாள்.

பக்கத்து வீடு காதர் பீவியினுடையது. அவள் புருஷன் தோல் மண்டியில் வேலை பார்த்தார். அந்த வீட்டில் தாளிக்கிற வாசனை சுவர் ஏறிக் குதித்து இந்த வீட்டுக்குள் வரும். வாசனைக்குச் சுத்தபோசனம் கிடையாதே. ஒருநாள் அரிசி புடைக்கச் சுளகு கேட்டுப் போன ரோஸ்மேரி வெகுநேரமாக வரவில்லை. இன்னாசியம்மாள் போய்ப் பார்த்தால் மகள் தட்டின் முன்னால் உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் உக்கார வச்சேன்மா. புள்ளத்தாச்சிப் பொண்ணு கறியாணம் வாசத்துக்கு அப்படியே நிக்குது, பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுமா?" என்றாள் காதர் பீவி. "நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. எம்மக மாதிரிதான் அதுவும்."

இன்னாசியம்மாள் சுளகை வாங்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண் தன் மகளுக்குப் பசி ஆற்றுகிறாள் என்பது அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, நாண்டுகொண்டு சாகலாம் போலவும் இருந்தது. அதற்குப் பிறகு சுளகு தினமும் தேவைப்பட்டது.

இந்தச் சங்கதி ஒருநாள் சூசைமாணிக்கத்துக்கும் தெரிந்துபோயிற்று. அவர் தலை கவிழ்ந்தார், கண் கலங்கினார், மஞ்சள் பையோடு கறிக்கடைக்கு ஓடினார் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? உங்களுக்கு இந்த இனத்தோடு பழக்கம் போதாது. அவர் ராத்திரி மனைவியைக் கூப்பிட்டார்.

"பிள்ள அங்கதான் திங்குதாமே?"

"ஆமா," என்றாள் இன்னாசியம்மாள். சண்டைக்குத் தயாராகத்தான் சொன்னாள்.

"அப்புறம் எதுக்கு அதுக்கும் சேத்து இங்க அம்புட்டு அரிசி போடுற? நாளையிலருந்து ஒரு ஆளு அரிசியக் கொறச்சு வை."

இன்னாசியம்மாளுக்கு இருபது வருஷமாக வராத கோபமெல்லாம் ஒன்றாக வந்து நின்றது. ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்த மனுஷனிடம் அழுதாலும் பிரயோசனமில்லை, நியாயம் பேசினாலும் பிரயோசனமில்லை.

அடுத்து வந்தது தபசு காலத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. பிரசங்கத்தில் பங்குச் சாமியார் சுத்தபோசனத்தைப் பற்றிப் பேசினார். "வருஷத்துக்கு நாற்பது நாள் இருக்க நமக்கு மூக்கால் அழுகை வருகிறது. நம் சூசைமாணிக்கத்தைப் பாருங்கள், வருஷம் முழுக்க இருக்கிறார்," என்றார். கோயிலே திரும்பிப் பார்த்தது. சூசைமாணிக்கம் மேல்துண்டைச் சரிசெய்தார். பின்பு இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், பின்னால் யார் யார் பார்க்கிறார்கள் என்றும் பார்த்தார். இந்த வேலையில் சாமியார் அடுத்துச் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

இன்னாசியம்மாள் காதில் ஏறியது. பூசை முடிந்து வெளியே வந்ததும், நாலு பேர் சூழச் சூசைமாணிக்கம் சாமியாருக்குத் தோத்திரம் சொல்லிப் புகழ்ச்சியின் மிச்சத்தையும் வாங்கிக்கொண்டு நின்றபோது, அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சாமி, ஒரு சந்தேகம். சுத்தபோசனம் இருந்து மிச்சமாகுற காசு நம்ம காசு இல்ல, ஏழைகளோட காசுன்னு சொன்னீங்களே. அது தபசு காலத்து மிச்சத்துக்கு மட்டுமா, இல்ல வருஷம் பூரா இருக்குறவுகளுக்கும் உண்டா?"

"நேர்ந்துகொண்டு இருந்தால் எல்லாம் ஒன்றுதானம்மா. வாயைக் கட்டி மிச்சம் பிடித்ததை நாமே வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் தபசா?"

"அப்பச் சரி சாமி. எங்க வீட்டுல அம்புட்டும் பத்திரமாத்தான் இருக்கு, தபாலாபீசுல," என்று சொல்லி, தொகையையும் சொன்னாள்.

கூட்டம் வாயைப் பிளந்தது. ஏழைகள் பெட்டிக்குப் பொறுப்பான உபதேசியார் சந்தோஷத்தில் சூசைமாணிக்கத்தின் கையையே பிடித்துக்கொண்டார். சாமியாருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. சூசைமாணிக்கத்துக்கு மட்டும் கண்ணாடிக்குள் விழி இரண்டும் நட்டுக்கொண்டன. ஒரு பக்கம் ஊர் தந்த பட்டம், ஒரு பக்கம் தபாலாபீஸ். எதை விடுவது? வேறு யாராவதாக இருந்தால் ஒரு நிமிஷமாவது தவித்திருப்பார்கள்.

"சாமி, அது வந்து, சுத்தபோசனம் இல்லைங்க," என்றார்.

"இல்லையா?"

"கறி வெலை கூடக் கெடந்துச்சு. வாங்கல. அம்புட்டுதான்."

"புதன்கிழமை சூசையப்பருக்காக என்று நீங்களே என்னிடம் சொன்னீர்களே?"

"பிள்ளைக கேட்டு அழும், அதுக்குச் சொல்றதுங்க."

"அந்தோணியாருக்கு?"

"அது சொரக்காய்க்காகச் சொன்னதுங்க சாமி."

இப்படி ஒவ்வொரு புனிதராக வரிசையில் விட்டுக்கொண்டே வந்தார். மாதாவை விடுகிறபோது மட்டும் குரல் கொஞ்சம் கம்மியது. ஊரார் முன்னிலையில், தான் பக்திமான் இல்லை, வெறும் கஞ்சன் என்று ஒரு மனிதர் அவ்வளவு பாடுபட்டு நிரூபித்ததை நாகல் நகர் அதற்கு முன் பார்த்ததில்லை. உபதேசியார் கையை விட்டுவிட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

இன்னாசியம்மாள் சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னும் வேலை முடியவில்லை.

"அப்ப எங்க வீட்டுல நேர்ச்சை ஒண்ணும் இல்லைங்களா சாமி? இன்னைக்கு ராத்திரி கறிக்கொழம்பு வைக்கலாமா? மகளுக்கு மாசம் ஏறிக்கெடக்கு. ரத்தம் இல்ல, பிரசவத்துக்குத் தாங்காதுன்னு நர்சம்மா சொல்லியிருக்கு. பக்கத்து வீட்டுல போயித் திங்குது."

சாமியார் சூசைமாணிக்கத்தை ஏறிட்டுப் பார்த்தார். "தாராளமாக வைக்கலாம் அம்மா," என்றார். "போகிற வழியில்தானே கறிக்கடை? நானும் அந்தப் பக்கம்தான் வருகிறேன்."

அன்று ராத்திரி அந்த வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்தது. ஈரலைத் தனியாக மிளகு போட்டு வறுத்து, இன்னாசியம்மாள் மகள் தட்டில் வைத்தாள். ஒரு கிண்ணம் காதர் பீவி வீட்டுக்கும் போயிற்று. ரோஸ்மேரி தன் வீட்டில், தன் அம்மா கையால், யாருக்கும் ஒளியாமல் வயிறாரச் சாப்பிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த இன்னாசியம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சூசைமாணிக்கமும் சாப்பிட்டார். "புள்ளத்தாச்சிக்குக் கறி நல்லதுன்னு நான் எப்பவுமே சொல்றதுதான்," என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

பேரன் நல்லபடியாகப் பிறந்தான். சூசைமாணிக்கம் புனிதர்களை விட்டுவிட்டு இப்போது வைத்தியர்களைப் பிடித்திருக்கிறார். திங்களும் செவ்வாயும் கறி தின்றால் பித்தத்துக்கு ஆகாதாம். மற்ற கிழமைகளுக்கு வியாதி தேடிக்கொண்டிருக்கிறார்.

அவர் கிடக்கட்டும். நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். இப்படியும் ஒரு மனுஷனா என்றீர்கள். நல்லது. நானும் கறி, கறி என்று இத்தனை தரம் எழுதினேனே தவிர அந்த வருஷம் ராத்தல் என்ன விலை என்று எங்கும் எழுதவில்லை. தபாலாபீஸில் கிடந்தது எவ்வளவு என்றும் சொல்லவில்லை. ரோஸ்மேரி சாப்பிட்டாளே, அது போதும் என்று நினைத்தவர்கள் நிம்மதியாகப் போய்வரலாம். 'எல்லாம் சரி, விலையைச் சொல்லவே இல்லையே' என்று மனசுக்குள் ஒரு தரமாவது முனகினவர்கள் மட்டும் செத்த இருங்கள். உங்கள் வீட்டில் இன்று ராத்திரி என்ன சாப்பாடு? நீங்கள் சொல்லவேண்டாம். வீட்டம்மாவைக் கூப்பிடுங்கள், நான் அவரிடமே கேட்டுக்கொள்கிறேன்.