ஜுரக் கலயமும் லண்டன் கடுதாசியும்

ஓடைக்கரைப்பட்டிக்கு அதுவரை வெளியூர்க் கூட்டம் வந்ததெல்லாம் ஓட்டுக் கேட்கத்தான். இப்போது புதூரிலிருந்து ஷேர் ஆட்டோ, கழுகுமலையிலிருந்து வேன், கோவில்பட்டியிலிருந்து ஏசி கார். சீமைக்கருவேல முள்ளை வெட்டி வண்டி நிறுத்த இடம் பண்ணியாயிற்று. வரிசையில் நிற்பவர்களுக்குக் கடம்பூர் போளி விற்க இரண்டு பேர் வந்து, எந்த நிழல் யாருக்கு என்று சண்டையும் போட்டாயிற்று. சுற்றுப்பட்டு முழுக்கக் காய்ச்சல். இவ்வளவு காய்ச்சல் இருக்கிற இடத்தில் ஒரு சாமியார் இல்லாவிட்டால் எப்படி? வந்து இறங்கினார் ஸ்ரீலஸ்ரீ ஜுரஹரானந்தர்.

‘டெங்கு, மலேரியா, மஞ்சள் காய்ச்சல், மர்மக் காய்ச்சல் – அனைத்தையும் விரட்டும் ஒரே கலயம்!’ என்றது பிளெக்ஸ். மஞ்சள் காய்ச்சல் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே கிடையாது. வராத காய்ச்சலை விரட்டுவது ரொம்பச் சுலபம் என்பது சாமிக்குத் தெரிந்திருந்தது.

வைத்தியமும் சுலபம்தான். காணிக்கை செலுத்தினால் மந்திரித்த மண்கலயம் ஒன்று தருவார். அதில் நல்ல தண்ணீர் நிரப்பி, மூடாமல், வீட்டின் இருட்டு மூலையில் ஒரு மண்டலம் வைக்க வேண்டும். கொட்டக் கூடாது, தொடக் கூடாது. பஞ்சாயத்துக் குழாயில் வாரத்துக்கு ஒரு தரம்தான் தண்ணீர் வரும் ஊர் அது. குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளிலும் யாரும் அந்தக் கலயத்தில் கைவைக்கவில்லை. அவ்வளவு பயபக்தி!

ஒரு வாரத்தில் கலயத்துக்குள் அற்புதம் நிகழும். சின்னச் சின்னதாக ஏதோ நெளியும். “அவை புழுக்கள் அல்ல, பக்தர்களே! அம்பாளின் படை! உங்கள் வீட்டுக் காய்ச்சலைத் தின்று தீர்த்துவிட்டு, மேலோகம் போய்விடும்!” என்பார் சாமி. அதன் பிறகு ஊரில் பேச்சே வேறு. தெருக்குழாயில் பொம்பளைகள் சந்தித்தால், “எங்க வீட்டுல படை இறங்கிட்டு, உங்க வீட்டுல இன்னும் இல்லியாக்கும்?” என்று கேட்டுவிட்டு இடுப்பில் குடத்தோடு ஒரு நெளிப்பு நெளிப்பார்கள். படை இறங்காத வீட்டுக்காரர்கள் தலைகுனிந்து நடந்தார்கள்.

படை அதிகம் இறங்கிய வீடு இசக்கிபாண்டியுடையது. வெள்ளாடு வளர்க்கிற மனுஷன், குரல் கணீரென்று இருக்கும். அதனாலேயே சாமி அவனை முதல் சீடனாக்கி, மைக்கைக் கையில் கொடுத்திருந்தார். ஆடுகளை விரட்டிய குரலால் இப்போது அவன் பக்தர்களை வரிசையில் ஓட்டினான். பெரிய வித்தியாசம் எதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

சாமியின் ஆசனத்துக்குப் பக்கத்தில் பட்டு விரித்த நாற்காலி ஒன்று. அதன்மேல் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாலை சூட்டி, ஒரு பழைய கடுதாசி. இங்கிலீஷில் டைப் அடித்தது. “எங்கள் பாட்டனாரின் கலயத்தைப் புகழ்ந்து லண்டன் டாக்டர் ஒருவர் எழுதிய நற்சான்று” என்பார் சாமி. எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை. கும்பிடுகிற பொருளைப் படிக்கிற கெட்ட பழக்கம் நம் ஆட்களுக்கு ஏது?

சாமி உறங்கும் கட்டிலைச் சுற்றி ஒரு வெள்ளை வலை தொங்கும். மத்தியான நித்திரைக்குக்கூட அதற்குள்தான் போவார். “தபசுக் கூடாரம்” என்று இசக்கிபாண்டியே மைக்கில் விளக்கம் சொல்லியிருக்கிறான்.

அப்படியிருக்கையில்தான் அவன் மகள் சத்யபிரியா படுத்துவிட்டாள். எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, ஒற்றைப் பிள்ளை. உடம்பு அனலாய்க் கொதித்தது. கண்ணைத் திறக்க முடியாமல் முனகினாள். இசக்கிபாண்டி சாமியிடம் ஓடினான்.

“ஆஸ்பத்திரிப் படி ஏறினால் படை கோபித்துக்கொள்ளும், பக்தா. தலைமாட்டில் இன்னொரு கலயம் வை” என்றார் சாமி. அந்தக் கலயத்துக்கும் தனிக் காணிக்கை.

கலயத்தோடு வீட்டுக்கு வந்தவனை வாசலிலேயே மறித்தாள் சங்கரம்மாள். அவன் பெண்டாட்டி. மூன்று நாளாகப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். பார்க்க வேறொன்றும் இல்லாததால் மூலையிலிருந்த கலயத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள்.

“ஒண்ணு கேக்கேன். இந்தப் படை முதல்ல நூலாட்டம் நெளியுது. பிறகு கூன் போடுது. பிறகு காணாமப் போவுது. எங்க போவுது?”

“மேலோகத்துக்குத்தாண்டி. சாமிதான் சொல்லிருக்காவல்லா.”

“எந்த வழியா?”

“மேலோகத்துக்கு மேல வழியாத்தான் போவும். இது ஒரு கேள்வியா?”

“அப்ப சரி. கலயத்து வாயில துணி கட்டுதேன். மேலோகம் போறதுக்குத் துணியெல்லாம் தடையா இருக்காதுல்லா?”

இசக்கிபாண்டி யோசித்தான். அம்பாளின் படை ஒரு முழத் துணிக்கு நின்றுவிடும் என்று ஒப்புக்கொள்ள அவன் பக்தி இடம் கொடுக்கவில்லை. “கட்டிக்கோ” என்றான்.

பால் வடிகட்டுகிற மெல்லிய துணியை மூலையிலிருந்த கலயத்து வாயில் இறுக்கிக் கட்டினாள். அடுத்து மகளைத் தோளில் சாய்த்துக் கிளப்பினாள்.

“ஏட்டி, எங்க கூட்டிட்டுப் போற? படை கோவிச்சுக்கிடும்!”

“கோவிக்கட்டும். நீங்க படையப் பாத்துக்கிடுங்க. நான் எம்பிள்ளையப் பாத்துக்கிடுதேன்.”

கோவில்பட்டி பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. இசக்கிபாண்டி கலயத்துக்கு எதிரே உட்கார்ந்தான். அவனுக்குப் பயமாக இருந்தது. சாமி கோபிப்பாரோ என்ற பயம் பாதி, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் மீதி.

மறுநாள் காலையில் போன் வந்தது. “டெங்குவாம். ரத்தத்துல தட்டணு குறைஞ்சுகிட்டே போவுதாம். குளுக்கோஸ் ஏத்துதாவ. இன்னும் லேட் பண்ணிருந்தா பிள்ளையப் பாத்திருக்க முடியாதுன்னு டாக்டரம்மா என்னைய அந்த ஏச்சு ஏசுதாவ.” சங்கரம்மாள் மூக்கை உறிஞ்சினாள். “பகல்ல கடிக்கிற கொசுவாம். காய்ச்சக்காரங்களக் கடிச்சிட்டு வந்து அடுத்தாளக் கடிக்குமாம். வீட்டுக்குள்ள நல்ல தண்ணி எங்கயும் தேங்கியிருக்கான்னு கேக்காவ. நான் என்னன்னு சொல்ல?”

இசக்கிபாண்டி கலயத்தைத் திரும்பிப் பார்த்தான். துணியின் அடிப்பக்கம் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. கிட்டப் போனான். ‘ங்ஙொய்’ என்றது. துணிக்குக் கீழே, காலில் வெள்ளை வரி போட்ட கொசுக்கள். ஒன்றா இரண்டா? அவன் ஊரெல்லாம் பெருமையடித்த படை, மேலோகத்துக்கு வழி தெரியாமல் அங்கேயே முட்டிக்கொண்டிருந்தது.

தன் கையாலேயே தண்ணீர் ஊற்றி, சூடம் காட்டி, பிள்ளையைக் கடிக்கக் கொசு வளர்த்திருக்கிறான். கட்டிய துணியோடு கலயத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

சாமியின் ஆசனத்துக்கு முன்னால் கூட்டம் அலைமோதியது. இசக்கிபாண்டி மைக்கை எடுத்தான். “எல்லாரும் கேளுங்க! இது எங்க வீட்டுக் கலயம். படையெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. சாமி, கையை உள்ள விட்டு ஒரு ஆசீர்வாதம் பண்ணுங்க.”

சாமி துணியைப் பார்த்தார். துணிக்குக் கீழே இருந்ததையும் பார்த்தார். “இது... உகந்த வேளை அல்ல, பக்தா.”

“உங்க படைதான? உங்களக் கடிக்குமா?”

“கலயத்தை எடு, பக்தா!”

“எங்க எடுக்க? கைய உள்ள விடுங்கன்னுல்லா சொல்லுதேன்!” கலயத்தோடு இசக்கிபாண்டி ஓரடி முன்னே போனான். சாமி இரண்டடி பின்னே போய், தடால் என்று வலைக்குள் புகுந்துகொண்டார். உள்ளேயிருந்து வந்தது சுத்தமான திருநெல்வேலித் தமிழ்: “யண்ணாச்சி, அத அங்கிட்டுக் கொண்டு போங்க! கடிச்சா காய்ச்சல் வந்துரும்!”

முதல் வரிசையில் நின்ற சீனித்தாய் என்ற கிழவிக்குத்தான் முதலில் உறைத்தது. “ஏலே, அப்ப உமக்கு முன்னமே தெரியுமால்லே?” என்றாள். மரியாதையும் அவமரியாதையும் அவள் வாயில் ஒன்றாக வந்துவிட்டன.

சாமி வலைக்குள்ளிருந்தே கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “வெள்ளைக்காரனே எழுதிக் கொடுத்திருக்கான்! அங்கன பாருங்க, லண்டன் கடுதாசி!”

இசக்கிபாண்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஆட்டுக்கு வாங்குகிற குடற்புழு மருந்து பாட்டிலைக் காட்டினால், அதிலுள்ள இங்கிலீஷைத் தமிழில் வாசிக்கிற வித்தையைச் சத்யபிரியா அவன் போனில் ஏற்றித் தந்திருந்தாள். மாலையை விலக்கி, போனைக் கடுதாசிக்கு நேரே பிடித்தான். மைக்கை அதன் பக்கத்தில் வைத்தான். ஏற்ற இறக்கமில்லாத பொம்பளைக் குரல் ஒன்று ஊருக்கெல்லாம் கேட்க வாசித்தது:

“மதிப்பிற்குரிய ஐயா. மஞ்சள் காய்ச்சல் இந்த நாட்டிற்கு இன்னும் வரவில்லை. ஆனால் அதைப் பரப்பும் கொசு இங்கே ஒவ்வொரு வீட்டுப் பானையிலும் காத்திருக்கிறது. மலேரியாவிற்கும் கொசுவே காரணம். எனவே தேங்கிய நீரை வாரம் ஒரு முறை கொட்டிவிட உத்தரவிட வேண்டுகிறேன். இன்னும் சில ஆண்டுகளில், இதை யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது என்று நம்புகிறேன். தேதி, 1927.”

நூறு வருஷத்துக்குப் பக்கத்தில் ஆகிறது. பாவம், அந்த டாக்டருக்கு நம்மைப் பற்றி ரொம்ப நல்ல அபிப்பிராயம் இருந்திருக்கிறது.

ஏதோ பழைய பேப்பர் கடையில் அகப்பட்ட கடுதாசி அது. சாமிக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. போலீஸ் ஜீப்பில் ஏறும்போதும் வலையை விடாமல் சுருட்டி எடுத்துக்கொண்டார். ஊரிலிருந்த கலயமெல்லாம் தெருவுக்கு வந்து கவிழ்ந்தது. காய்ந்து வெடித்துக் கிடந்த கரிசல் மண் அவ்வளவு தண்ணீரையும் குடித்துவிட்டது.

சத்யபிரியா பிழைத்து வந்தாள். நாலு பேர் பார்த்துத் திருந்தட்டும் என்று, இசக்கிபாண்டி அந்தக் கடுதாசியைச் சட்டத்தோடு தண்ணீர்த் தொட்டி சுவரில் மாட்டினான். கடுதாசியில் இருந்ததைக் கீழே தமிழில் எழுதி ஒட்டியது மகள்.

அடுத்த வெள்ளிக்கிழமை குடத்தோடு போனவன் அப்படியே நின்றுவிட்டான். கடுதாசிக்கு மஞ்சள், குங்குமம், செவ்வந்தி மாலை. கீழே சூடம் எரிகிறது. சீனித்தாய்க் கிழவி கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாள். பின்னால் சின்னதாக ஒரு வரிசைகூட ஆரம்பித்திருந்தது.

இசக்கிபாண்டி துண்டை எடுத்துக் கண்ணாடியிலிருந்த குங்குமத்தை அழுத்தித் துடைத்தான். ஆடு விரட்டுகிற அந்தக் குரலில் கத்தினான்.

“கும்பிடாதீங்க! வாசிங்க!”