இரண்டு டன் மரியாதை

கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி, தையல்காரர் மாடி அறைச் சுவருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிய போனில் ஏ.சி. கடை விற்பனையாளர் காத்திருந்தார்.

"நீளம் நூத்து இருபது அங்குலம். அகலமும் அதேதான்."

"பத்துக்குப் பத்துன்னு சொல்லுங்க சார். மேல மொட்டை மாடியா?"

"ஆமா. மத்தியானம் சுவத்துல கை வைக்க முடியாது."

"அப்ப ஒன்றரை டன் தாராளம்."

தாராளம் என்பதற்குத் தையல்காரரிடம் வேறு அளவு இருந்தது. முப்பது வருடமாக அவர் கடையிலிருந்து எந்தச் சட்டையும் சரியான அளவில் வெளியே போனதில்லை. துணி சுருங்கும், உடம்பு பெருக்கும் என்று ஏதாவது காரணம் சொல்லி, இரண்டு அங்குலம் கூட்டித்தான் கத்தரி வைப்பார். லூஸாக இருந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி.

"ரெண்டு டன்னாக் குடுங்க. கொஞ்சம் லூஸா இருக்கட்டும்."

"சார், இது சட்டை இல்ல சார்..."

"மாப்பிள்ளை வர்றாருங்க" என்றார் தையல்காரர். அதற்கு மேல் பேச்சுக்கு இடமில்லை.

கல்யாணமாகி மூன்று மாதம் கழித்து, மகள் முதல் தடவையாகப் புருஷனோடு வருகிறாள். பத்து நாள் தங்குவார்களாம். இதைச் சொல்லச் சம்பந்தியே போன் செய்திருந்தார். "பையனுக்கு நாள் பூரா குளிர்லயே வேலை. பத்து நாள் உங்க பொறுப்பு சம்பந்தி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை ஏதோ பெரிய ஏற்றுமதிக் கம்பெனியில் சூப்பர்வைசர். நாள் பூரா குளிர் என்றால் கண்ணாடி போட்ட தனி அறை, உருளும் நாற்காலி, தலைக்கு மேலே ஏ.சி. இப்படி வாழ்கிற மனிதரை இந்த மாடி அறையில் படுக்கவைத்தால் இரண்டாம் நாளே பெட்டியைத் தூக்கிவிடுவார். அவர் போனால் மகளும் போய்விடுவாள். தையல்காரருக்கு வேண்டியது மகளோடு பத்து நாள். அவள் போனதிலிருந்து அவருடைய ஜோக்குக்குச் சிரிக்க அந்த வீட்டில் ஆளே இல்லை. அவளை அவர் அவ்வளவு தேடினார்.

"ஏங்க, அவருக்கு எது ஒத்துக்கும்னு பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்" என்றாள் மனைவி.

"கேட்டுச் செஞ்சா அது உபசாரமா? வந்து பாத்து அசந்துபோகணும். நீ வாயத் திறந்துடாத."

மறுநாள் மெக்கானிக் வந்து சுவரில் துளை போட்டார். வெளியே வைக்க வேண்டிய பெட்டிக்கு வேறு இடம் அமையாததால், கீழே தையல் கடையின் பின் ஜன்னலுக்கு நேர் மேலே மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் வீடு மொத்தமும் இருண்டது.

எலெக்ட்ரீஷியன் வந்து ஃபியூஸ் பெட்டியை எட்டிப் பார்த்தார். "இந்த ஒயரை நம்பி ரெண்டு டன்னா? மாடி வரைக்கும் புதுசா இழுக்கணும்."

இழுத்தார்கள். இப்போது ஏ.சி. ஓடியது, ஆனால் அது ஓடும்போது கீழே தையல் மெஷினின் மோட்டார் முனகியது. அதற்கு ஒரு ஸ்டெபிலைசர் வந்தது. வெளிப்பெட்டியின் அனல் ஜன்னல் வழியாகக் கடைக்குள் இறங்கி, தையல்காரரின் பிடரியைப் பொசுக்கியது. அவர் ஜன்னலைச் சாத்தினார். சாத்தியதும் கடை புழுங்கியது. மகளுக்காக ஒரு தகப்பன் இதைக்கூடத் தாங்கமாட்டானா என்று பனியனோடு உட்கார்ந்து காஜா எடுத்தார்.

கடைசியில் மனைவி மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தபடி இறங்கிவந்தாள்.

"மெத்தையெல்லாம் நசநசன்னு கிடக்கு. துவைச்சுப் பிழியாம போட்ட மாதிரி."

மெக்கானிக்கைத் திரும்பக் கூப்பிட்டார்கள். "நான் அன்னிக்கே சொல்லலாம்னு நெனச்சேன்" என்று அவர் தொடங்கியபோது, தையல்காரருக்கு அவரை டேப்பாலேயே கட்டிப்போடலாம் போலிருந்தது. "ரூம் சின்னது, மெஷின் பெரிசு. அஞ்சு நிமிஷத்துல குளுந்து நின்னுடுது. காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்க நேரமே இல்ல. கதவைத் திறந்தே வெச்சுடுங்க, மெஷின் நிக்காம ஓடும்."

"புதுசாக் கல்யாணம் ஆனவங்க படுக்கிற ரூம்யா!" என்றாள் மனைவி.

யோசித்தார்கள். கதவுக்கு மேலேயிருந்த கண்ணாடியைக் கழற்றினார்கள். மாடி ஹாலில் சாமான் வைத்திருந்த தடுப்பையும் எடுத்தார்கள். இப்போது குளிர் ஹாலுக்கு வந்து, மாடிப்படி வழியாக இறங்கி, வீடு முழுக்க உலாவியது. சமையலறையும் தையல் கடையும்தான் தப்பின. சட்டையைச் சின்னதாக்க முடியாதபோது ஆளைப் பெருக்கவைப்பது தொழிலில் அவர் செய்யாத காரியம். வீட்டு விஷயத்தில் அதையும் செய்துவிட்டதாகத் தன்னையே மெச்சிக்கொண்டார்.

மகளும் மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள். மகள் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். தையல்காரர் மாப்பிள்ளையை மாடிக்கு அழைத்துப்போய், ரிமோட்டில் பதினெட்டு வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தார்.

மாப்பிள்ளை அந்த வெள்ளைப் பெட்டியையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "எனக்காகவா மாமா?" என்றார். குரல் லேசாக நடுங்கியது.

"கண் கலங்கிட்டாரு" என்று தையல்காரர் மனைவியிடம் வந்து பெருமையாகச் சொன்னார்.

அடுத்த நாள் காலையில் மாப்பிள்ளை போர்வையோடு இறங்கிவந்தார். நேராகச் சமையலறைக்குப் போய் அடுப்பை ஒட்டி நின்றுகொண்டார்.

"பசிக்குதா தம்பி?" என்றாள் மாமியார்.

"இல்ல அத்தை. சும்மா நின்னுட்டுப் போறேன்."

பத்து மணிக்கு மொட்டை மாடியில், உச்சந்தலையில் வெயில் கொளுத்த, கையை விரித்துக்கொண்டு நின்றார். போனுக்கு சிக்னல் தேடுகிறார் என்று தையல்காரர் நினைத்தார். மதியம் புழுங்கும் கடைக்குள்ளேயே வந்துவிட்டார்.

"மாமா, அந்த இஸ்திரிப் பெட்டியக் குடுங்க. நான் தேய்க்கிறேன்."

"ஐயையோ! மாப்பிள்ளைய இஸ்திரி போட வெச்சேன்னு தெரு சிரிக்கும். மேல போய்க் காலை நீட்டிப் படுங்க."

"அஞ்சே அஞ்சு சட்டை மாமா" என்று மாப்பிள்ளை கெஞ்சினார். தையல்காரர் பெட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு, கையைப் பிடித்து மாடிக்கே கொண்டுபோய் விட்டார்.

பிறகு மகளைத் தனியே கூப்பிட்டார். "மாப்பிள்ளை ஏன் ரூம்ல தங்க மாட்டேங்கிறாரு? குளிர் பத்தலையா?"

மகள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அப்பாவின் சிவந்த பிடரியையும், கழற்றிக் கிடந்த கதவுக் கண்ணாடியையும் பார்த்தாள். "அதெல்லாம் ரொம்ப நல்லாருக்குப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

குளிர் போதவில்லை என்பதற்கு அது நாசூக்கான பதில் என்று தையல்காரர் புரிந்துகொண்டார். ரிமோட்டில் பதினாறு வைத்தார். அது கை தவறிக்கூட மாறிவிடக் கூடாது என்று ரிமோட்டைத் தன் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் மாப்பிள்ளை பெட்டி கட்டினார். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"கம்பெனியில அவசர வேலை மாமா" என்றார். மாமனாரின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

மகளும் பையை எடுத்தாள். இன்னும் ஏழு நாள் பாக்கியிருக்கிறது. அவள் சிரிப்பை ஒரு தடவைகூட முழுசாகக் கேட்கவில்லை. மரியாதை பார்த்தது போதும் என்று தையல்காரர் போனை எடுத்துச் சம்பந்தியைக் கூப்பிட்டார்.

"சம்பந்தி, என்ன குறை வெச்சோம்னு நீங்களே மாப்பிள்ளையக் கேளுங்க. மூணே நாள்ல கிளம்புறேங்கிறாரு. ரெண்டு டன் ஏ.சி. வாங்கி மாட்டியிருக்கேன். ராத்திரி பகலா ஓடுது. பதினாறு டிகிரி! இதுக்கு மேல குளுர வைக்க மெஷினுக்கே முடியாது சம்பந்தி!"

மறுமுனையில் சம்பந்தி பெருமூச்சு விட்டார்.

"அட, என்ன காரியம் பண்ணிட்டீங்க! மைனஸ் இருபதுல மீன் கிடங்கைப் பாத்துக்கிறவன் சம்பந்தி அவன், முட்டியெல்லாம் விறைச்சுப்போச்சு, பத்து நாள் எங்கயாவது உக்காந்து வேர்க்கணும்னு டாக்டர் சொன்னாரு. அதுக்கு உங்க மாடி ரூமை விட்டா வேற எடமே இல்லைன்னுதானே அங்க அனுப்பினேன்!"