கிட்டார்காரனுக்குத் துட்டி

பெண் பார்க்கும் வைபவத்துக்குத் தோள்வரை முடி வளர்த்துக்கொண்டு போன முட்டாள் நான்தான். "என்ன செய்யுதிய தம்பி?" என்று பெண்ணின் அப்பா கேட்டதற்கு, ஆவணப்படங்கள் திரையிடுகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். (வங்கி வேலையும் இருந்தது. அதைச் சொல்லத் தோன்றவில்லை!)

தென்காசியில் கல்யாண மண்டபம் வைத்திருந்தார் அவர். "அப்ப நம்ம மண்டபத்துலயே ஒண்ணு போடுங்க. சனங்க என்ன சொல்லுதாவன்னு பாத்துட்டு செல்விய தாரதப் பத்தி யோசிப்போம்" என்றார்.

இளம் வயதில் இறந்துபோன ஒரு வெளிநாட்டு ராக் பாடகரைப் பற்றிய படத்தைத் தேர்ந்தெடுத்தேன். (பெயர் வேண்டாம். அவர் ஆவியாவது நிம்மதியாக இருக்கட்டும்.) பக்தி முற்றி, மண்டப வாசலில் அவருடைய பெரிய கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து, மாலை போட்டு, விளக்கும் ஏற்றினேன். அங்கேதான் சனி பிடித்தது.

தெருவில் போனவர்களெல்லாம் யார் வீட்டுச் சாவோ என்று துட்டி விசாரிக்க உள்ளே வந்துவிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொருவராக என் கையைப் பிடித்தார்கள். என் தலைமுடியையும் படத்திலிருந்தவர் தலைமுடியையும் மாறி மாறிப் பார்த்த ஒரு பெரியம்மா, "கூடப் பொறந்தவனாய்யா?" என்றாள்.

"இல்லம்மா, பாடகர்."

"பாவம், அதுக்குள்ளயுமா!"

படம் ஓடியது. பாடகர் மேடையில் கிட்டாரை அடித்து நொறுக்கினார். "ஏலே, நல்ல பொருள ஏம்லே உடைக்கான்?" என்று பின்வரிசை கொதித்தது. திரையில் அவருடைய அம்மா கண்ணைத் துடைத்ததும் நிலைமை கைமீறிவிட்டது. வசனம் முழுக்க ஆங்கிலம். ஆனாலும், "பெத்தவ கெடந்து தவிக்காளே!" என்று பெரியம்மா ஓவென்று அழ, பெண்கள் பக்கம் மொத்தமும் சேர்ந்து அழுதது. செல்வியும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். (அது சிரிப்பு என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.)

கருத்து எழுத வைத்திருந்த நோட்டில் பக்கம் பக்கமாக 'ஆழ்ந்த இரங்கல்'. ஒருவர் மட்டும், 'குடியை விட்டிருந்தால் பிழைத்திருப்பார்' என்று விமர்சனம் செய்திருந்தார்.

அத்தோடு விட்டதா? துட்டிக்குப் போய்விட்டுக் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியுமா? சாரல் காலம் வேறு. ரசிகர்கள் அத்தனை பேரும் ஆட்டோ பிடித்துக் குற்றாலத்துக்குக் கிளம்பினார்கள். பெண் போச்சு என்று நினைத்துக்கொண்டே நானும் போனேன். மெயினருவியில் நனைந்துகொண்டிருந்த செல்வியின் அப்பா என்னை அருகில் கூப்பிட்டார்.

"யாரோ அசலூர்க்காரனுக்கே இம்புட்டு சனத்த அழ வச்சிட்டியளே தம்பி! எம்மவ கல்யாணத்துக்கு ஆள் சேக்க நான் அலையவே வேண்டாம். ஆனா முடிய வெட்டிரணும்."

அன்று மாலையே வெட்டிவிட்டேன்.

இன்றும் சாரல் தொடங்கினால் மாமனாரிடமிருந்து போன் வரும். "மாப்ள, கிட்டார்காரன் திவசம் வருதுல்லா? குளிக்க வந்துருங்க!" மாலை போட்ட படத்தைத் தூக்கி எறியக் கூடாது என்று மாமியார் அதை எங்கள் வீட்டு ஹாலிலேயே மாட்டிவிட்டார். என் மகள் பள்ளிக்கூடத்தில் அவரைத் தன் பெரியப்பா என்றே சொல்லி வைத்திருக்கிறாள்.