இரண்டு ஸ்டியரிங் உள்ள படகு பற்றி மைத்துனருக்கு

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை உங்கள் தங்கை தினமும் இரண்டு முறை தொலைபேசியில் விசாரித்துவிடுவதால் நான் தனியாக விசாரிக்கவில்லை. இருபத்திரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன், போதும். என் அலுமினிய ஏணியை நீங்கள் இரவல் வாங்கிப்போய் ஒரு படி குறைவாகத் திருப்பித் தந்தபோது நான் பேசவில்லை. குடும்பப் புகைப்படத்தில் உங்கள் தோள் என் முகத்தை மறைத்தபோதும் பேசவில்லை. படகு விஷயத்தில் அப்படி இருக்க முடியாது.

என் படகு பத்தொன்பது அடி. ஸ்டியரிங் கேபினுக்குள் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் முன்னால் தெரியும், பின்னால் தெரியாது, பக்கவாட்டில் தெரிவதாக நினைத்துக்கொள்ளலாம். அப்படியும் ஒன்பது வருடத்தில் நான் படகுத்துறையில் மோதியது இரண்டே முறை. கரை சேரும்போது உங்கள் தங்கை கேபின் கூரைமேல் பின்பக்கம் பார்த்து நின்று "வலது, வலது" என்று கத்துவாள். அது யாருடைய வலது என்பதில் எங்களுக்குள் நீண்ட நாள் கருத்து வேறுபாடு உண்டு. இதை ஒரு நாள் கால் நீட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்த்த நீங்கள் திருவாய் மலர்ந்தீர்கள்: "எதுக்கு மாப்ள இப்படித் தொண்டை கிழியணும்? கூரைமேலயும் ஒரு ஸ்டியரிங் போட்டுட்டா முடிஞ்சுது. ரெண்டு நாள் வேலை!"

ஏழு வாரம் ஆயிற்று. குழாய் போகக் கூரையில் துளை போடுவதற்கு நீங்களே அளந்தீர்கள், நீங்களே துளைத்தீர்கள், அது என் இருக்கைக்கு நேர் மேலே வந்தது. மெக்கானிக் வந்து, "இது யாரு சார் போட்டது?" என்று கேட்டு, இன்னொரு துளை போட்டார். முதல் துளை வழியாக இன்றுவரை மழைத்தண்ணீர் என் பிடரியில் சொட்டுகிறது. ஒருவழியாக மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டிலிருந்தும் இரண்டிரண்டு எண்ணெய்க் குழாய், படகைத் திருப்பும் சுக்கானுக்கு. இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி மட்டும் கீழே என்னிடம். வெள்ளோட்டத்தில் நான் சக்கரத்தை இடது பக்கம் சுற்றினேன். படகு திரும்பவில்லை. மேலே இருந்த சக்கரம் திரும்பி உங்கள் தங்கையின் மணிக்கட்டில் அடித்தது. அவள் கோபத்தில் அதை வலது பக்கம் சுற்ற, என் சக்கரம் என் கையை உதறியது. எண்ணெய் எங்கள் இருவருக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்ததே தவிர சுக்கான் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படகு நேராகப் போய்த் துறையில் முட்டியது. அந்த மோதலை என் கணக்கில் சேர்க்கக் கூடாது. "நடுவுல ஒரு வால்வு வரணும் சார். வரவழைக்கிறேன். அதுவரைக்கும் ஓடற மாதிரி பண்ணித் தரேன்" என்றார் மெக்கானிக். பண்ணியும் தந்தார்.

அதன்பின் வந்த மூன்று வாரத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது, ஏனென்றால் அவை என் வாழ்க்கையிலேயே நல்ல வாரங்கள். படகு பூப்போலக் கரை சேர்ந்தது. சில சமயம் நான் திருப்புவதற்கு முன்பே திரும்பியது. அதை என் அனுபவம் என்று எடுத்துக்கொண்டேன். "கை தேர்ந்துட்டீங்க சார்" என்று துறைக் காவலாளி சொல்ல, காற்றை எந்தக் கோணத்தில் வாங்க வேண்டும் என்று அந்த மனிதருக்கு அரைமணி நேரம் விளக்கினேன். பள்ளியில் திரவ அழுத்தம் நடத்துகிறவன் நான், சொல்லிவிட்டேன். அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. துறை முழுக்க ஆட்கள், நீங்களும் இருந்தீர்கள். கரைக்கு இன்னும் இருபது அடி. மரை கழன்று சக்கரம் மொத்தமாக என் கையோடு வந்துவிட்டது. நான் அதைச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்க, படகு அழகாக வளைந்து, ஒரு கீறல் இல்லாமல் கரையில் போய் நின்றது. நீங்கள் கைதட்டினீர்கள்.

"அக்காகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேனே சார்!" என்றார் மெக்கானிக். என் சக்கரத்தின் இரண்டு குழாயையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டாராம். சுற்றினால் கனமாகச் சுற்றும், ஆனால் எதையும் திருப்பாது. படகைத் திருப்பியதெல்லாம் மேலே அவருடைய அக்கா, அதாவது உங்கள் தங்கை, சுற்றிய சக்கரம். அக்காவுக்குத் தெரியும், காவலாளிக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். மூன்று வாரம் கைக்குழந்தைக்குக் கொடுத்த பொம்மைச் சக்கரத்தை நான் வியர்த்துவிறுவிறுத்துச் சுற்றியிருக்கிறேன். உங்கள் தங்கையைக் கேட்டேன். "சொல்லணும்னுதாங்க நினைச்சேன். நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. எப்பவும் கரைக்கு வந்ததும் யாரையாவது திட்டுவீங்க. இந்த மூணு வாரமாத் திட்டவே இல்ல" என்றாள். பேச்சை நிறுத்திவிட்டேன். படகில் கால் வைக்கவில்லை. வால்வு வந்து சாப்பாட்டு மேஜையில் பெட்டியோடு கிடக்கிறது, பிரிக்கவில்லை. நேற்று மெதுவாக, "ஞாயித்துக்கெழமை அண்ணன் வீட்டுக்குப் படகுலயே போலாமா?" என்று கேட்டாள். "நீயே போ. உனக்கு நான் எதுக்கு?" என்றேன். "அப்ப வேகம் யாரு பாக்கறது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஆகவே படகை விற்றுவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். வாங்குகிறவர் ஒற்றை ஆளாக இருந்தால் நல்லது. உங்கள் வீட்டில் அனைவருக்கும் என் அன்பு; ஏணியின் அந்த ஒரு படிக்கும்.

பின்குறிப்பு: நான் உறை வாங்கி வருவதற்குள் உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டாள். "இரண்டே முறை" என்பதை அடித்து மேலே "ஏழு" என்று எழுதியிருப்பது அவள். விற்பதைப் பற்றிய வரிகளை அடித்து, ஓரத்தில், "ஞாயிறு காலை பத்து மணிக்கு ரெண்டு பேரும் படகில் வருகிறோம் அண்ணா, கயிறு பிடிக்க வந்துவிடு" என்று எழுதியிருப்பதும் அவளே. அதை அடிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கடிதம் அந்த இடத்தில் எங்கும் முட்டாமல் கரையில் போய் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினேன். வால்வுக்கு இப்போது அவசரமில்லை. பத்து மணி என்பதைப் பத்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள், வேகம் என் பொறுப்பு. இதில் எந்த வரி யார் ஓட்டியது என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாததால், கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.