முப்பத்தோராவது நாளும் அழியாத கடிதம்

ஒரு காட்டில் நான் முள்ளம்பன்றியாக இருந்தேன். அங்கே நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். என்னுடைய பன்னிரண்டு துண்டறிக்கைகளிலும் இதே வரிசைதான்.

முதலாவது, ஆமை நாச்சி மூன்று தலைமுறையாக வாழ்ந்த சுனையைச் சிறுத்தையின் நிர்வாகம் வேலி போட்டு எடுத்துக்கொண்டது. இரண்டாவது, கேட்கப் போன எங்களைக் குகையில் அடைத்தது. மற்றவர்கள் நாற்பது நாள் கிடந்தார்கள். நான் ஒன்பதாம் நாளே வெளியே வந்துவிட்டேன். என் முட்களுக்குப் பயந்து விட்டார்கள் என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவது, மரப்பட்டையில் இருந்த ஆவணங்களையெல்லாம் ஒரே நாளில் கிளவுட் கிடங்கில் ஏற்றிவிட்டுப் பட்டைகளை எரித்தது. நான்காவது, கிடங்கில் எதுவும் முப்பது நாள்தான் இருக்கும், முப்பத்தோராவது நாள் பிறந்ததும் தானாக அழிந்துவிடும் என்று செட்டிங் வைத்தது. ஐந்தாவது, துண்டறிக்கையில் ஈட்டியப்பன் என்ற என் பெயரைச் சின்ன எழுத்தில் அச்சடித்தது. இது எங்கள் அச்சகக் குரங்கு செய்த வேலை. இருந்தாலும் அநியாயம் அநியாயம்தான்.

சுனை யாருடையது என்ற விசாரணை வெள்ளிக்கிழமை. ஆவணங்கள் அழியும் முப்பத்தோராவது நாளும் அதே வெள்ளிக்கிழமை.

புதன்கிழமை காலை ஆமை நாச்சி கிடங்கு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. கிளம்பி இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது. அதன் கையில் ஒன்றுமில்லை. சுனைக்கரையில் எங்கெங்கே முட்டையிட்டார்கள் என்று அதன் அம்மா வரைந்து வைத்த படம் ஒன்றுதான் சாட்சி. அம்மாவும் இல்லை, பட்டையும் இல்லை. படம் கிடங்கில் மட்டும் இருந்தது.

கிடங்கைப் பார்த்துக்கொண்டது ஓணான். யார் என்ன சொன்னாலும் தலையாட்டும்.

“சார், நாளையோட கெடு முடியுதாமே. எங்கம்மா படம் மட்டும் அழியாம இருக்க ஏதாவது வழி உண்டா?” என்று ஆமை கேட்டது.

ஓணான் தலையாட்டியது. “உண்டும்மா. பொது செட்டிங் முப்பது நாள். ஆனா ஒரே ஒரு ஃபைலுக்கு மட்டும் நிரந்தரம்னு தனியா போடலாம். ஒரு நிமிஷ வேலை.”

“கையை எடு!” என்றேன் நான். “ஒருத்திக்கு மட்டும் சலுகையா? அதுக்குப் பேரு சரணாகதி. கேட்டா மொத்தக் காட்டுக்கும் கேக்கணும்.”

“மொத்தக் காட்டுக்கும் அப்புறமா கேளுங்கண்ணே. சார் இதை இப்பப் போட்டுக் குடுக்கட்டும்.”

“வரலாறு உன்னை மன்னிக்காது நாச்சி.”

“வரலாறே நாளையோட அழியுதாமே அண்ணே.”

நான் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு கீபோர்டின் மேல் உட்கார்ந்தேன். தனி செட்டிங்கை யாரும் தொட முடியவில்லை. உலகில் முதன்முதலாக ஒரு கீபோர்டின் மேல் மறியல் செய்தவன் நான்தான். அது பதின்மூன்றாவது துண்டறிக்கையில் வர இருந்தது.

சிறுத்தை வந்து பார்த்தது. “என்னப்பா வேணும்?”

“எந்த ஆவணத்தையும் எக்காலத்திலும் அழிக்கக் கூடாது. காடு முழுதுக்கும் ஒரே விதி!”

“எழுதிக் குடு.”

எழுதினேன். பன்னிரண்டு பகுதிகள், முன்னுரை தனி. வியாழக்கிழமை முழுதும் கீபோர்டின் மேல் நின்றுகொண்டே படித்தேன். நடுவில் ஆமை இரண்டு முறை, “அண்ணே, சுருக்கமா…” என்றது. தியாகத்தைச் சுருக்க முடியாது என்று பதில் சொன்னேன். பொழுது சாய்ந்தபோது ஏழாம் பகுதியில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பன்னிரண்டாம் பகுதி முடிந்தது. சிறுத்தை கொட்டாவி விட்டு, “சரி, ஒத்துக்கிறேன். இன்னையிலேர்ந்து எதையும் அழிக்க முடியாது” என்றது. ஓணான் செட்டிங்கை மாற்றியது. எனக்கு மாலை போட்டார்கள். முள்ளில் மாட்டிக் கிழிந்தது.

அங்கேயே விசாரணையும் தொடங்கியது. விசாரணையில் எந்த ஆவணத்தையும் சாட்சிகள் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும், எழுதியவர் பெயர் உட்பட. இந்த விதியும் நான் போராடி வாங்கியதுதான்.

“எங்கம்மா படத்தை எடுங்க சார்” என்றது ஆமை.

ஓணான் தேடியது. “இல்லம்மா. பழசெல்லாம் விடியறதுக்குள்ள போயிடுச்சு. புது செட்டிங் இனிமே உள்ளதுக்குத்தான். போனதைத் திருப்பித் தராது.”

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

“சுனையைப் பத்தி வேற ஒண்ணுமே இல்லையா?” என்று சிறுத்தை கேட்டது.

“ஒண்ணே ஒண்ணு இருக்கு. முன்னாடியே தனியா நிரந்தரம்னு போட்டு வெச்சது.”

நான் துள்ளினேன். “பாத்தியா நாச்சி! உண்மை அழியாது! சாட்சிகளே, கிட்ட வாங்க! உரக்கப் படிப்பா!”

ஓணான் படித்தது. “‘மாண்புமிகு சிறுத்தை அவர்களுக்கு. குகையில் ஒன்பதாம் நாள். சுனைக்கு வேலி போட்டதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. ஆமைக்கு அங்கே எந்த உரிமையும் கிடையாது. மற்றவர்களைப் பற்றி நான் கேட்கவில்லை, என்னை மட்டும் விட்டுவிட வேண்டுகிறேன். இந்தக் கடிதம் தொலைந்தால் என்னை மறுபடி பிடித்துவிடுவார்கள். ஆகவே இதை மட்டும் தனியாக, என்றென்றும் அழியாமல் வைக்கவும்.’ அதனாலதான் சார் அப்படிப் போட்டேன்.”

“போதும்” என்றேன். “அழிச்சிடு.”

ஓணான் வாழ்க்கையில் முதல் முறையாகத் தலையாட்டவில்லை. “முடியாது சார். இன்னையிலேர்ந்து எதையும் அழிக்க முடியாது.”

“பேரு மட்டுமாவது வேண்டாமே.”

ஆமை ஓட்டிலிருந்து தலையை மெல்ல வெளியே நீட்டியது. “படிங்க சார். அண்ணன் வாங்கின விதி.”

சாட்சிகள் கிட்டே வந்தார்கள். கடைசி வரியில் பெயர் பெரிய எழுத்தில்தான் இருந்தது. ஓணான் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தது.

“இப்படிக்கு, ஈட்டியப்பன்.”

நீதி: எல்லாருக்கும் ஒரே விதி கேட்டு மறியல் செய்யும்முன், உன் கடிதத்தை மட்டும் தனியாக அழித்துக்கொள்.