இரண்டுக்கு மூன்று

ஈவாஞ்சலின் டீச்சரின் வலது கை மூன்று தட்டும் நேரத்துக்குள் இடது கை இரண்டு தட்ட வேண்டும். இடது கையோ, கூடப் பிறந்த பாசத்தில் தானும் மூன்றே தட்டியது. காதலில் தோற்ற எவனோ ஒரு ஐரோப்பியன் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பியானோவுக்கென்று எழுதிவைத்த வினை இது.

இதனால் எட்டாம் கிரேடு பரீட்சையில் இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவது முறைக்கு, வாசிப்பதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். இன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் அது போய்ச் சேராவிட்டால், பள்ளியில் அவருக்கென்று வைத்திருக்கும் மியூசிக் டீச்சர் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

கைகொடுத்தது திரேஸ்புரத்துப் படகுப் பட்டறை. மாடி ஜன்னலுக்கு நேர் கீழே இனிகோவும் ஆவுடையப்பனும் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். டொக், டொக் என்று மாறி மாறி இரண்டு. நாலு நாளாக அந்த இரண்டில்தான் டீச்சர் இடது கையைக் கட்டிப்போட்டிருந்தார்.

"வீடியோவுல சுத்தியல் சத்தம் கேக்குமே," என்றார் கணவர் செல்வின், போனைப் பிடித்தபடி.

"கேக்கட்டும். கடக்கரை ஊருன்னு தெரிஞ்சிக்கிடுவாங்க. நீங்க ஆட்டாம புடிங்க."

முதல் தடவை சுத்தியல் போகப் போக வேகமெடுத்தது. டீச்சரும் விடாமல் துரத்தினார். கடைசிப் பக்கத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவர் மாதிரி மூச்சு வாங்கியது.

ஜன்னலில் தலையை நீட்டினார். "இனிகோ அண்ணாச்சி, எதுக்கு இந்த அவசரம்? கொஞ்சம் மெதுவா அடிங்களேன்."

இனிகோவும் ஆவுடையப்பனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரி டீச்சர்."

இரண்டாவது தடவை டீச்சர் நிதானமாகத் தொடங்கினார். சுத்தியல் அதைவிட நிதானமாக விழுந்தது. டீச்சர் இன்னும் குறைத்தார்.

"என்னளா இது, அடக்க ஆராதனைக்கா வாசிக்க?" என்று செல்வின் கொட்டாவி விட்டார்.

"அவுங்க வேணும்னே செய்யுதாங்க. டீயும் வடையும் வாங்கிக் குடுத்து, ஒரே சீரா அடிக்கச் சொல்லிட்டு வாங்க."

வடை தின்று கை கழுவ இருபது நிமிஷம் போயிற்று. மணி ஐந்தரை.

மூன்றாவது தடவை எல்லாம் கூடி வந்தது. இரண்டுக்குள் மூன்று வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. நடுப்பக்கத்தில் பாட்டிலேயே ஒரு சின்ன இடைவெளி. இரு கைகளையும் தூக்கி, அடுத்த சுத்தியலுக்காகக் காத்திருந்தார்.

சுத்தியல் விழவில்லை.

பத்து விநாடி. அரை நிமிஷம். போனுக்குப் பின்னால் செல்வினின் கண்கள் பிதுங்கின. டீச்சரின் பத்து விரல்களும் காற்றிலேயே நின்றன. கெட்டது காரியம் என்று எழுந்து ஜன்னலுக்கு ஓடினார்.

"அண்ணாச்சி, ஏன் நிறுத்துனீங்க? என் வேலையே போச்சே."

கீழே ஓங்கிய சுத்தியலோடு அப்படியே நின்றுகொண்டிருந்த இனிகோ, அண்ணாந்து பார்த்தார்.

"நாங்க எங்க நிறுத்துனோம், டீச்சர்? பாட்டில்லாம எங்களுக்குக் கை ஓடாது. நாலு நாளா ஒங்க வாசிப்பக் கேட்டுத்தான் ஆணி அடிக்கோம். சட்டுனு வாசிங்க, ஓங்குன கை கடுக்கு."