சந்தனம் வைத்த வண்டி: உரிமையாளர் கருத்து

சுருளிப்பட்டி,
செவ்வாய்க்கிழமை.

சென்னையில் ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்து உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை சுந்தரலிங்கத்துக்கு, வெயிலில் நின்று திராட்சை விளைவிக்கும் உன் மச்சான் மொக்கைச்சாமி எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், உன் அக்கா பவுனு நலம், தோட்டம் நலம், கறவை மாடும் நலம். வண்டியின் நலம் கீழே விவரமாக வருகிறது.

"மச்சான், நீங்க வாங்குன அதே ஹைப்ரிட் வண்டியைத்தான் நானும் புக் பண்ணப் போறேன், ஓனர் ஒப்பீனியன் சொல்லுங்க" என்று போனில் கேட்டாய். போனில் சொல்லி முடிகிற சங்கதியா அது? அதனால்தான் கோடு போட்ட பேப்பர் வாங்கி எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தானே என்று நினைக்காதே. அந்த எட்டாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன் நான். அவ்வளவு ஆழமாக அதைப் படித்த ஆள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

முதலில் சிறப்பம்சங்கள். வண்டி பெட்ரோலிலும் ஓடும், கரண்டிலும் ஓடும். கரண்டில் ஓடும்போது சத்தமே வராது. ஊரே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று வாங்கிய வண்டிக்கு எவ்வளவு பொருத்தமான வசதி பார்! கம்பம் கடைவீதியில் மூன்று தடவை மேலும் கீழும் போய் வந்தேன், ஒருத்தன் தலை நிமிரவில்லை. நடுரோட்டில் படுத்திருந்த ஆடுகூட எழுந்திருக்கவில்லை. ஹாரன் அடித்தேன். அதுவும் நாகரிகமான ஹாரன், பெரியவர்கள் முன்னால் இருமுகிற மாதிரி இருமுகிறது. அடுத்தது சார்ஜ். வீட்டில் சார்ஜ் போட்டால் உன் அக்கா மாவாட்டக் கூடாது, மீறினால் மெயின் சுவிட்ச் விழுந்து கரண்டு போய்விடும். "இட்லி வேணுமா, காரு வேணுமா, ஒண்ணச் சொல்லுங்க" என்று கேட்டாள். காரு என்றேன். நாலு நாள் கடையில் சாப்பிட்டேன். பெட்ரோலிலேயே ஓட்டலாமே என்பாய். ஓட்டலாம்தான், அப்புறம் எதற்குக் கரண்டு வண்டி என்று மலைச்சாமி கேட்பானே! கூடப்பிறந்த தம்பி, அவன் கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவன்.

இனிமேல்தான் கதை. போன வெள்ளிக்கிழமை கூடலூரில் என் தங்கை உமாதேவி மகள் அபிதாவுக்குக் காதுகுத்து. நீ லீவு இல்லை என்று தப்பித்துக்கொண்டாய். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் இரண்டு பேர், மூத்தவன் நான், இளையவன் மலைச்சாமி. மடி மூத்தவனுக்குத்தான், ஆனால் பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் நான் போய் உட்காராவிட்டால் பிள்ளை தம்பி மடிக்குப் போய்விடும். அவன் விடியற்காலையிலேயே மண்டபத்துக்குப் போய், புது வேட்டியோடு மடியைத் தட்டித் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

காலையில் அம்மன் கோயிலில் வண்டிக்குப் பூஜை. பூசாரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, முன்னாலும் பின்னாலும் பொத்தான் பொத்தானாகப் பதித்திருக்கும், குறுக்கே எது வந்தாலும் கண்டுபிடிக்கிற சென்சாரைப் பார்த்து, "அண்ணே, இதுக்கு எத்தன கண்ணுண்ணே?" என்றார். பன்னிரண்டு என்றேன். எண்ணிப் பார்த்ததில்லை, கேட்டதற்கு ஒரு பதில் வேண்டாமா? "கண்ணுக்குக் கண்ணு சந்தனம் வச்சிருவோம், ஒரு திருஷ்டியும் அண்டாது" என்று ஒவ்வொன்றிலும் எலுமிச்சம்பழ அளவு அப்பி, குங்குமம் வைத்து, கேமரா இருக்கும் கண்ணாடிக்குப் பட்டை போட்டு, மூக்கில் ஆளுயர மாலை கட்டினார். நானும் என் பங்குக்கு நாலு அப்பு அப்பினேன். கூடலூர் வரை வண்டி முணுமுணுத்துக்கொண்டே வந்தது, திரையில் இங்கிலீஷில் சிவப்பாக ஏதேதோ எழுதிக் காட்டியது. விசேஷத்துக்கு வாழ்த்துச் சொல்கிறது என்று நினைத்தேன்.

மண்டபத்துக்கு முந்நூறு அடி இருக்கும்போது சீர் ஊர்வலம் ஆரம்பித்தது. முன்னால் மேளம், அப்புறம் நூற்றியொரு தட்டு (உன் அக்கா நாற்பது என்பாள், அவள் எண்ணியது ஒரு பக்கம் மட்டும்), கடைசியில் நான். மேளக்காரர் ஆட்டம் போட்டபடி வண்டி வரைக்கும் வந்து திரும்பியதுதான் தாமதம், வண்டி டக்கென்று நின்று வீலென்று கத்தியது. உன் அக்கா மடியிலிருந்த மாம்பழத் தட்டு என் பிடரிக்கு வந்தது. மறுபடி நகர்த்தினேன், மாலை காற்றில் ஆடியது, நின்றுவிட்டது. ஆள் குறுக்கே வந்தாலும் நின்றது, வராவிட்டாலும் நின்றது. உயிர்கள் மேல் அதற்கு அவ்வளவு கருணை! பின்னால் தங்கபாண்டி குமுளிக்கு ஆள் ஏற்றிய ஜீப்போடு வந்து, "மொக்கை மாமா, வண்டிய எடுக்கீகளா, இல்ல இங்கனயே பந்தி போட்டுருவமா?" என்று கத்தினான். ஜீப்புக்குள்ளிருந்து ஒரு பொம்பளை எட்டிப் பார்த்து, "ஆத்தாடி, சந்தனம் பூசி நடுரோட்டுல உக்கார வச்சிருக்காக, வண்டி சமஞ்சிருச்சு போல! தாய்மாமன் நீங்கதான மாமா, பச்ச ஓலையில குச்சு கட்டி உள்ள உக்கார வைங்க" என்றாள்.

ஷோரூமுக்குப் போன் போட்டேன். "சார், சென்சார் மேல அழுக்கு ஏதும் இருக்கா?" என்றது ஒரு பிள்ளை. "அழுக்கா? அம்மன் கோயில் சந்தனம்மா!" "ஓகே சார், அந்த அழுக்கைத் துடைச்சிடுங்க." சரி என்று துண்டை எடுத்தால், ஆரத்தித் தட்டோடு எதிரே வந்த உமாதேவியின் மாமியார், "ஏப்பா, நில்லு! காதுகுத்துக்கு வந்த சீர் வண்டியில சந்தனத்த அழிக்கவா போற? எம்பேத்திக்கு ஆகுமா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். துடைத்தால் ஆகாது, துடைக்காவிட்டால் ஓடாது. "எறங்கி நடங்க" என்றாள் உன் அக்கா. எப்படி நடப்பது? மண்டப வாசலில் வைத்த பிளக்ஸ் போர்டில் என் படத்தைவிட வண்டி படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேனே!

மணி பத்து இருபதுக்கு உமாதேவி போன் பண்ணினாள். "அண்ணே, எங்கன இருக்கீக? ஆசாரி ஊசிய எடுத்துட்டாரு. சின்னண்ணன் மடிய விரிச்சு உக்காந்துட்டாக. பெரியண்ணன் வந்துருவாகன்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டு நிக்கேண்ணே..."

ஓடினேன், மாப்பிள்ளை. குதிரை தோற்கும் ஓட்டம். செருப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். போய்ச் சேர்ந்தபோது ஒரு காது முடிந்துவிட்டது, மலைச்சாமி மடியில். பிள்ளை மண்டபம் அதிர அழுகிறது. இன்னொரு காதை உமாதேவி உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு, ஆசாரியையும் தொடவிடாமல் நிற்கிறாள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்தாள். அந்தக் காது என் மடியில். எல்லாம் முடிந்த பிறகு மலைச்சாமி வாசலை எட்டிப் பார்த்து, "அண்ணே, வண்டி எங்கண்ணே?" என்றான். "பின்னால வருது" என்றேன். வந்தது, மத்தியானம் ஒரு மணிக்கு. வெயிலில் சந்தனம் காய்ந்து தானாக உதிர்ந்த பிறகு, மாலையையும் ஒரு மாடு தின்று முடித்த பிறகு.

ஆகவே உரிமையாளர் கருத்து: வாங்காதே. என்னை அரைத் தாய்மாமன் ஆக்கிய வண்டி இது. தேனி புரோக்கரிடம் விற்கச் சொல்லிவிட்டேன். வண்டிக்கென்று நீ சேர்த்து வைத்திருக்கும் பணத்தில் ஒரு நல்ல மனை வாங்கிப் போடு.

நீயும் வீட்டில் உள்ளவர்களும் நோய்நொடி இல்லாமல், மெயின் விழாமல், நீடூழி இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். அக்கா எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், ஆள் வந்தால் கொடுத்தனுப்புவோம்.

இப்படிக்கு,
உன் மச்சான்
மொக்கைச்சாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் மலைச்சாமி வந்தான். வண்டியைச் சுற்றி நடந்தான், அதன் கண்ணாடியில் பார்த்து மீசையை முறுக்கினான், "அண்ணே, புரோக்கர் சொன்னாரு. உங்களுக்கு ஓட்ட வரலைன்னா எனக்கே குடுத்துருங்களேன்" என்றான். எனவே மேலே எழுதியது எதையும் படிக்காதே. வண்டி விற்பனைக்கு இல்லை. தங்கமான வண்டி, நீயும் நாளைக்கே ஒன்று புக் பண்ணு. என் ஆயுசு முழுக்க நான் இதில்தான் போவேன். நகராவிட்டாலும் உள்ளே உட்கார்ந்திருப்பேன்.